வகுப்பறையில் வாதம்: கருத்து, காரணம், பிணைப்பு

தமிழ்நாட்டுப் பள்ளிகளில் வாதம் என்ற சொல் பெரும்பாலும் இரண்டு இடங்களில்தான் காதில் விழுகிறது. ஒன்று ஆண்டுவிழா மேடையின் பட்டிமன்றம்; மற்றொன்று "வாதம் பண்ணாதே, உட்கார்" என்று மாணவரை அடக்கும் கண்டிப்பு. முன்னதில் வாதம் யாரோ எழுதிக் கொடுத்து மனப்பாடம் செய்யப்பட்ட உரையாகவும், பின்னதில் அடக்கமின்மையின் மறுபெயராகவும் ஆகிவிடுவதால், இவ்விரண்டுக்கும் நடுவே கிடக்கும் உண்மையான திறன், அதாவது ஒரு கருத்தைக் காரணத்தோடு முன்வைத்து, மாற்றுக் கருத்தைப் பொறுமையாகக் கேட்டு, தேவை ஏற்பட்டால் தன் நிலையைத் திருத்திக்கொள்ளும் திறன், பாடவேளைக்குள் நுழைவதே அரிதாகிவிட்டது. அத்திறனை எட்டாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை, தனி நேரமோ தனிக் கருவியோ கேட்காமல், தமிழ்ப் பாடவேளையிலேயே வளர்ப்பதற்கான வழிகளை இந்த அத்தியாயம் விளக்குகிறது.

தொடங்குமுன் இரண்டு சொற்களைப் பிரித்து அறிந்துகொள்வது நல்லது. ஒரு கருத்து ஏன் ஏற்கத்தக்கது என்பதைக் காரணங்களால் நிறுவுவது வாதம். அக்கருத்தைக் குறிப்பிட்ட ஒருவர் மனம் ஒப்பி ஏற்குமாறு, அவருடைய நிலையையும் கவலையையும் அறிந்து எடுத்துச் சொல்வது இணங்கவைக்கும் பேச்சு. காரணம் இல்லாமல் இணங்கவைக்கும் பேச்சு விளம்பரமாகவும், கேட்பவரை நினையாத வாதம் கணக்குப் புத்தகத்தின் நிறுவலாகவும் முடிந்துவிடும் என்பதால், இவ்விரண்டையும் ஒன்றன்பின் ஒன்றாகக் கற்பிக்க வேண்டும். அவற்றுள் வாதமே முதலில் வரவேண்டும்.

சிலம்பு உடைந்த அவை

வாதத்தின் உறுப்புகளை மாணவருக்கு அறிமுகப்படுத்தச் சிலப்பதிகாரத்தின் வழக்குரை காதையைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு கிடைப்பது கடினம். அக்காதையைக் கண்ணகியின் சினத்துக்காகவும் பாண்டியனின் வீழ்ச்சிக்காகவும் படிப்பதே வழக்கமாக இருந்தாலும், அவள் அவையில் என்ன செய்தாள் என்பதை மட்டும் தனியே எடுத்துப் பார்த்தால் வேறொரு பாடம் கிடைக்கிறது. தன் கணவன் கோவலன் கள்வன் அல்லன் என்பது அவளுடைய கருத்து. தன் காற்சிலம்பின் பரல் மாணிக்கம் என்பது அவள் காட்டும் காரணம். தன் தேவியின் சிலம்பில் இருப்பது முத்து என்று அரசன் தன் வாயாலேயே சொல்லிவிடுகிறான். சிலம்பு கொண்டுவரப்பட்டு, அவையின் கண்ணெதிரில் உடைக்கப்பட்டு, மாணிக்கம் தெறித்தவுடன் வழக்கு முடிந்துவிடுகிறது.

ஆசிரியர் நின்று விளக்க வேண்டிய இடம் உடைப்பதற்குச் சற்று முந்தைய கணம். எந்தப் பரல் வெளிப்பட்டால் எது உண்மையாகும் என்பதில் வழக்காடிய இருவருக்கும் அப்போதே உடன்பாடு ஏற்பட்டுவிட்டது. மாணிக்கம் என்றால் கோவலன் குற்றமற்றவன், முத்து என்றால் அரசனின் தீர்ப்பு சரி என்ற அந்த உடன்பாட்டை யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. ஆனாலும் அது இல்லையென்றால் சிலம்பை நூறு துண்டாக உடைத்தாலும் எதுவும் நிறுவப்பட்டிருக்காது. காரணத்தையும் கருத்தையும் சேர்த்துக் கட்டும், சொல்லப்படாமலே நிற்கும் இந்தப் பொது விதிக்குப் பிணைப்பு என்று பெயரிடலாம். பிரிட்டனில் பிறந்த தத்துவ அறிஞர் ஸ்டீபன் டூல்மின் 1958இல் வெளியிட்ட நூலில் வாதத்தை இவ்வாறு உறுப்புகளாகப் பிரித்துக் காட்டி, கருத்து, சான்று, அவற்றைப் பிணைக்கும் விதி, அவ்விதிக்கு வலுவூட்டும் பின்னணி, கருத்தின் உறுதியை அளவிடும் அடைமொழி, விதிவிலக்கு ஆகிய ஆறையும் சுட்டினார். பள்ளி அளவில் ஆறும் தேவையில்லை. கருத்து, காரணம், பிணைப்பு என்ற மூன்றும் மாணவர் கைவசமாகிவிட்டால் மற்றவை பேச்சின் போக்கிலேயே வந்து சேரும்.

இந்தப் பகுப்பு தமிழுக்குப் புதிதன்று என்பதை மாணவர் அறிவது பயன் தரும். மணிமேகலையின் 29ஆம் காதையில் அறவண அடிகள் மணிமேகலைக்கு அளவையியலைக் கற்பிக்கும்போது, பக்கம், ஏது, திட்டாந்தம், உபநயம், நிகமனம் என ஐந்து உறுப்புகளைச் சொல்லி, மலையில் புகை தெரிவதைக் கொண்டு அங்கே நெருப்பு உண்டு என்று துணிவதை எடுத்துக்காட்டாக வைக்கிறார். நிறுவ வேண்டிய கருத்து பக்கம். அதற்கான காரணம் ஏது. அக்காரணம் பொருந்தும் என்பதைக் காட்டும் அறிந்த நிகழ்வு திட்டாந்தம். அதற்கு அவர் காட்டுவது அடுக்களை. புகை இருந்தால் நெருப்பு இருக்கும் என்ற பிணைப்பை எந்த வீட்டுப் பிள்ளையும் தன் வீட்டு அடுப்படியில் கண்டிருக்கும் என்பதே அதன் வலிமை. கேட்பவர் ஏற்கெனவே அறிந்த இடத்திலிருந்து அறியாத இடத்துக்கு அழைத்துச் செல்லும் இந்த முறையை, கடினமான கலைச்சொற்களுக்குள் நுழையாமலே, ஒரே பாடவேளையில் கரும்பலகையில் காட்டிவிடலாம்.

கரும்பலகையில் ஒரு வாதம்

பொருளை எவ்வளவு விளக்கினாலும் ஒரு வாதத்தை மாணவர் கண்முன்னே பிரித்துக் காட்டாத வரையில் பிணைப்பு என்ற சொல் வெறும் சொல்லாகவே நிற்கும். இராமநாதபுரம் அல்லது சிவகங்கைப் பகுதியின் ஒன்பதாம் வகுப்பு ஒன்றில், சீமைக்கருவேல மரங்களை அகற்றுவது பற்றிப் பேசுவதாகக் கொள்வோம். வேலிக்கருவை, வேலிகாத்தான் என்றெல்லாம் வட்டாரப் பெயர் பெற்ற இந்த மரத்தின் தாயகம் அமெரிக்கக் கண்டம். இந்தியாவுக்கு 19ஆம் நூற்றாண்டில் கொண்டுவரப்பட்டது. இன்று கண்மாயிலும் தரிசிலும் பரவிக் கிடப்பது. விறகாகவும் கரியாகவும் அது பலருக்குப் பிழைப்பும் தருகிறது. இந்த இரு முகமும் இருப்பதாலேயே அது வகுப்புக்கு ஏற்ற பொருளாகிறது.

"சீமைக்கருவையைப் பூராவும் வெட்டிரணும் டீச்சர், அது தண்ணியெல்லாம் குடிச்சிருது" என்று ஒரு மாணவர் சொன்னால், அதைச் சரி என்றோ தவறு என்றோ ஆசிரியர் தீர்ப்புச் சொல்லிவிடக் கூடாது. கரும்பலகையின் மேற்பகுதியில் கருத்து என்று எழுதி, மரங்கள் முழுவதையும் வெட்ட வேண்டும் என்பதைக் குறித்து, கீழே காரணம் என்று எழுதி, அவை நிலத்தடி நீரை மிகுதியாக உறிஞ்சுகின்றன என்பதைக் குறித்து, இரண்டுக்கும் நடுவே ஒரு வெற்றிடம் விட்டு, "இந்த இரண்டையும் எது சேர்த்துக் கட்டுது?" என்று வகுப்பைக் கேட்க வேண்டும். சற்றுத் தடுமாறி, மிகுதியாக நீரை உறிஞ்சும் மரத்தை வெட்டிவிட வேண்டும் என்ற விதி மாணவரிடமிருந்தே வரும். அது வெற்றிடத்தில் எழுதப்பட்டவுடன் வகுப்பின் நிலை மாறிவிடுகிறது; ஏனென்றால் அதுவரை யாருடைய கண்ணிலும் படாத விதி இப்போது எல்லோர் கண்முன்னும் கிடக்கிறது.

"அப்பத் தென்னையும் வாழையும் தண்ணி குடிக்குதே, அதையும் வெட்டணுமா?" என்று பின் வரிசையிலிருந்து ஒரு குரல் வரும். விதியைத் திருத்தியாக வேண்டும். தரும் பயனைவிட மிகுதியாக நீரை எடுத்துக்கொள்ளும் மரத்தை வெட்டலாம் என்று அது மாறுகிறது. "எங்க அப்பா கரிமூட்டம் போடுறாங்க டீச்சர், அது பயன் இல்லையா?" என்று இன்னொரு பிள்ளை எழுந்து கேட்கும்போது வாதம் தன் உண்மையான இடத்துக்கு வந்து சேர்கிறது. நீரைப் பற்றியதாகத் தோன்றிய கருத்து வேறுபாடு, யாருடைய பயனைக் கணக்கில் எடுப்பது என்ற வேறுபாடாக இருந்திருக்கிறது. மாணவர் சண்டையிடுவது பெரும்பாலும் காரணங்களைப் பற்றி. அவர்கள் வேறுபடுவதோ பிணைப்பில். இதைக் கண்டுகொள்ளும் வகுப்பு வாதத்தின் பாதியைக் கற்றுவிட்டது என்று துணிந்து சொல்லலாம்.

இந்த நிலையில் முதல் மாணவர் தன் கருத்தைத் திருத்த முன்வருவார். முன்வராவிட்டால் ஆசிரியர் அழைக்க வேண்டும். பூராவும் என்ற சொல் போய், கண்மாய்க்குள்ளும் வரத்துக் கால்வாயிலும் நிற்பவற்றை மட்டும் என்று கருத்து சுருங்குகிறது. இது தோல்வியன்று. கருத்தின் அளவைச் சான்றின் அளவுக்குக் கொண்டுவருவதே அடைமொழியின் வேலை என்பதையும், எல்லாம், எப்போதும், ஒருவரும் போன்ற சொற்கள் வாதத்தைப் பெரிதாக்கிக் காட்டினாலும் அதை எளிதில் உடைக்க இடம் தருகின்றன என்பதையும் இங்கேதான் சொல்ல வேண்டும். சொல்லும்போது அம்மாணவரின் பெயரைச் சொல்லிப் பாராட்டுவது தவறாமல் நடக்க வேண்டும். கருத்தைத் திருத்திக்கொண்டவர் பாராட்டப்படுவதை ஒருமுறை கண்ட வகுப்பு அதன்பின் பிடிவாதத்தைப் பெருமையாக நினைப்பதில்லை.

காரணத்தின் உண்மையைச் சோதிப்பது அடுத்த பாடவேளைக்கு உரியது. இம்மரம் காற்றின் ஈரத்தை உறிஞ்சி மழையையே தடுக்கிறது என்ற செய்தி கைப்பேசி வழியாகச் சுற்றிவருவதை மாணவர் பலர் அறிந்திருப்பர். அது பொய் என்று அறிவித்துவிடுவதைவிட, அது உண்மையா என்பதை அறிய எதைப் பார்க்க வேண்டும், யாரைக் கேட்க வேண்டும், எந்த இரண்டு இடங்களை ஒப்பிட வேண்டும் என்று கேட்பது பயனுடையது. செய்தியை அனுப்பியவர் யார், அவருக்கு அது எப்படித் தெரியும் என்ற இரண்டு கேள்விகளைத் தாண்டி நிற்கும் செய்திகள் மிகச் சிலவே என்பதை மாணவர் தாமே கண்டுகொள்வர். 2017இல் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை இம்மரங்களை அகற்ற உத்தரவிட்டதையும், அதே ஆண்டில் உயர் நீதிமன்றமே அப்பணிக்கு இடைக்காலத் தடை விதித்ததையும் இங்கே குறிப்பிட்டால், கற்றறிந்த நீதிபதிகள் முன்னிலையிலும் இருதரப்புக் காரணங்கள் எடை போடப்பட்ட பொருள் இது என்ற மதிப்பு தங்கள் பேச்சின்மேல் மாணவருக்கு வரும்.

பொருளைத் தேர்தல்

கைப்பேசி நன்மையா தீமையா, நகர வாழ்க்கையா கிராம வாழ்க்கையா என்பன போன்ற தலைப்புகள் வகுப்பறைக்கு ஏற்றவை அல்ல. அவற்றில் முடிவு எடுக்க வேண்டியவர் எவரும் இல்லாததால், மாணவர் யாரை இணங்கவைக்க வேண்டும் என்பது தெரியாமல் காற்றோடு பேசுகின்றனர். மதிய இடைவேளையில் நூலகத்தைத் திறந்து வைக்கலாமா, விளையாட்டுத் திடலை ஆண்பிள்ளைகளும் பெண்பிள்ளைகளும் எந்த முறையில் பகிர்ந்துகொள்வது, ஊரணியைச் சுற்றி வேலி போடலாமா என்பனவற்றில் முடிவெடுக்கும் தலைமையாசிரியரோ ஊராட்சித் தலைவரோ இருக்கிறார். அவருக்கு என்ன கவலை, எவ்வளவு பணம், யாருடைய எதிர்ப்பு என்பவற்றை மாணவர் எண்ணிப் பார்க்க முடியும்.

சாதி, மதம், தனி ஒருவரின் குடும்ப நிலை ஆகியவற்றைத் தொடும் பொருள்களில் மிகுந்த கவனம் தேவை. மதுவிலக்கு நல்ல பொருளாகத் தோன்றலாம். ஆனால் குடிகாரத் தந்தையின் அடியை வாங்கிக்கொண்டு பள்ளிக்கு வந்த பிள்ளை அதே வகுப்பில் உட்கார்ந்திருக்கிறது என்பதை மறந்து, குடிப்பவர்களின் குற்றங்களை அடுக்கும் போட்டியாக அதை மாற்றிவிடுவது கொடுமை. எந்த மாணவரும் தன் பிறப்பையோ தன் வீட்டையோ காத்துப் பேச வேண்டிய நிலைக்குத் தள்ளப்படக் கூடாது என்பதை ஆசிரியர் எல்லைக் கோடாகக் கொள்ள வேண்டும். மேலே காட்டிய கரிமூட்டத்துப் பிள்ளையின் கேள்வி தானாக எழுந்தது. அது கேட்டுப் பெறப்பட்டதன்று. இந்த வேறுபாட்டை ஆசிரியர் எப்போதும் மனத்தில் இருத்த வேண்டும்.

எதிர்த்தரப்பை எடுத்துரைத்தல்

வாதப் பயிற்சியின் உயிர்நாடி என்று ஒன்றை மட்டும் சுட்ட வேண்டுமானால், மாற்றுக் கருத்தை, அதை உடையவரே ஆம் என்று ஒப்புக்கொள்ளும்படி எடுத்துச் சொல்லும் பயிற்சியைத்தான் சுட்ட வேண்டும். இந்தியத் தருக்க மரபில் எதிர்த்தரப்பு பூர்வபட்சம் எனப்பட்டது. அதை முதலில் விரித்துரைத்த பின்னரே தன் முடிவைச் சொல்வது நூல் மரபாக இருந்தது. நீலகேசி என்ற சமண நூல் பௌத்தர், ஆசீவகர், சாங்கியர், வைசேடிகர் முதலிய பல தரப்பினரோடு நடத்திய வாதங்களைச் சருக்கம் சருக்கமாகக் கொண்டது. எந்த நூலை மறுக்க அது எழுந்ததோ அந்தக் குண்டலகேசி முழுமையாகக் கிடைக்காத இன்று, அந்நூல் பற்றிய செய்திகள் பலவும் நீலகேசியாலும் அதன் உரையாலும் காக்கப்பட்டிருக்கின்றன. மறுக்க வந்த நூலே மறுக்கப்பட்டதைக் காத்து வைத்திருப்பதை மாணவருக்குச் சொன்னால், எதிர்த்தரப்பை எடுத்துரைப்பதன் மதிப்பு அவர்களுக்குப் புரியும். மணிமேகலையும் தன் முடிவுக்கு வருமுன் வஞ்சி நகரில் சமயவாதிகள் ஒவ்வொருவரையும் அவரவர் கொள்கையைச் சொல்லவைத்துக் கேட்கிறாள்.

வகுப்பில் இதைச் செய்ய எளிய வழி உண்டு. முன் வரிசைப் பெஞ்சில் இருப்பவர்கள் திரும்பி உட்கார்ந்தால் பின் வரிசையோடு எதிரெதிராக இரண்டிரண்டு பேராகிவிடுவர். ஐம்பது மாணவர் நெருங்கி உட்காரும் அறையிலும் இதற்கு இடம் உண்டு. ஒருவர் இரண்டு நிமிடம் தன் கருத்தைச் சொல்வார். கேட்டவர், "நீ சொல்றது இதுதானே" என்று தொடங்கி அதைத் திருப்பிச் சொல்வார். முதலாமவர் சரி என்று ஒப்புக்கொண்ட பிறகுதான் இரண்டாமவர் மறுப்புச் சொல்லலாம். தொடக்கத்தில் பெரும்பாலான மாணவர் திருப்பிச் சொல்லும்போதே கருத்தைத் திரித்துவிடுவர். "நூலகம் திறந்திருந்தால் நல்லது" என்றவரின் கருத்து, "விளையாடவே கூடாது" என்றதாக மாறிவிடும். சொல்லாததைச் சொன்னதாக்கும் இப்பிழை வேண்டுமென்றே செய்யப்படுவதைவிட, கேட்டுக்கொண்டிருக்கும்போதே பதிலைத் தயாரிப்பதால் நேர்வதே மிகுதி. ஆகவே கண்டிப்பு இதற்கு மருந்தாகாது. மீண்டும் கேட்கச் செய்வதே மருந்து.

பட்டிமன்ற வடிவத்தை இதன் பிறகே கொண்டுவர வேண்டும். பட்டிமண்டபம் என்ற சொல் மணிமேகலையிலேயே இடம்பெறும் அளவுக்குப் பழமையானது. குன்றக்குடி அடிகளார் போன்றோரால் இருபதாம் நூற்றாண்டில் அது மக்கள் அரங்கமாக வளர்ந்தது. தொலைக்காட்சி வழியே வீடுதோறும் சென்றது. மாணவருக்குப் பழக்கமான அந்த வடிவத்தை ஒதுக்கத் தேவையில்லை. இரண்டு மாற்றங்கள் போதும். பாதி நேரம் கடந்ததும் அணிகள் தரப்பை மாற்றிக்கொண்டு, அதுவரை மறுத்ததை ஆதரித்துப் பேச வேண்டும். பார்வையாளராக இருக்கும் மாணவர் ஒரு பேச்சால் மனம் மாறினால், எழுந்து எதிர்ப்பக்கப் பெஞ்சுக்குச் சென்று உட்கார உரிமை உண்டு. எந்தக் காரணம் தம்மை மாற்றியது என்பதை மட்டும் அவர் சொல்ல வேண்டும். நடுவரின் தீர்ப்பைவிட இந்த இடமாற்றம் பேச்சாளருக்கு மிகுந்ததைக் கற்பிக்கிறது, ஏனெனில் கைதட்டல் வாங்கிய நகைச்சுவைக்கு ஒருவரும் இடம் மாறுவதில்லை என்பதை அவர் கண்ணால் காண்கிறார்.

நன்னூலின் பொதுப்பாயிரம் நூல் இயற்றுவோர் மேற்கொள்ளும் நிலைகளை ஏழு மதங்களாகக் கூறுவதையும் இங்கே நினைவூட்டலாம். பிறர் கருத்தை மறுப்பது அவற்றுள் ஒன்று. உடன்படுவதும் அதே பட்டியலில் முதலாவதாக நிற்கிறது. முதலில் ஏற்றுப் பின்னர் களைவதும், இருவர் மாறுபட்டுச் சொன்னவற்றுள் ஒன்றைத் துணிவதும் தனித்தனி நிலைகள். ஆதரவு, எதிர்ப்பு என்ற இரண்டு நாற்காலிகளை மட்டுமே கண்ட மாணவருக்கு, ஒரு பகுதியை ஏற்று மறுபகுதியை மறுப்பதும் நேர்மையான வாத நிலையே என்ற விடுதலை இதனால் கிடைக்கும்.

போலிக் காரணங்கள்

காரணம்போலத் தோன்றிக் காரணமாகாதவற்றை மணிமேகலை போலி என்றே அழைத்து, பக்கப்போலி, ஏதுப்போலி, திட்டாந்தப்போலி என வகைப்படுத்துகிறது. பள்ளியில் நீண்ட பட்டியல் வேண்டியதில்லை. பேசியதை விட்டுவிட்டுப் பேசியவரைத் தாக்குவது, எல்லோரும் சொல்கிறார்கள் என்று கூட்டத்தைக் காட்டுவது, ஒன்றுக்குப் பின் மற்றொன்று நிகழ்ந்ததாலேயே முன்னதைக் காரணமாக்குவது ஆகிய மூன்றையும் மாணவர் இனங்கண்டால் போதும். மூன்றாவதற்குக் காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதை என்று ஊரில் பெயரே உண்டு என்பதால் விளக்கம் சொல்லவும் தேவையில்லை.

தமிழ் வகுப்புக்கே உரிய ஒரு போலியைத் தனியே சுட்ட வேண்டும். அது பழமொழியைக் காரணமாக வைப்பது. பதறாத காரியம் சிதறாது என்று ஒருவர் சொன்னால் காற்றுள்ளபோதே தூற்றிக்கொள் என்று மற்றவர் சொல்ல முடியும். இரண்டும் அவ்வவ்விடத்தில் உண்மையே. எந்த இடம் இது என்பதைப் பழமொழி சொல்வதில்லை, பேசுபவர்தான் சொல்ல வேண்டும். மேற்கோளுக்கும் இதே விதி பொருந்தும். பெரியோர் ஒருவரின் வாக்கு கேட்பவர் மனத்தைத் திறந்து வைக்கும். உள்ளே வைக்க வேண்டிய காரணத்தை மாணவரே கொண்டுவர வேண்டும். பேச்சுப்போட்டிக்கு எழுதிக் கொடுக்கும் பெற்றோரும் ஆசிரியரும் மேற்கோள்களை அடுக்கியே பழகிவிட்டதால், இந்த ஒரு பழக்கத்தை மாற்ற ஓராண்டுகூட ஆகலாம். அதுவரை மேற்கோள் இல்லாமல் மூன்று நிமிடம் பேசும் பயிற்சியை வாரம் ஒருமுறை வைப்பது பலன் தரும்.

அப்பயிற்சியில் பேச்சுத் தமிழையே அனுமதிக்க வேண்டும். எழுத்துத் தமிழில் பேசியாக வேண்டும் என்ற கட்டாயம், காரணத்தைத் தேட வேண்டிய மனத்தைச் சொல்லைத் தேட வைத்துவிடுகிறது. வீட்டில் வேறு மொழி பேசும் பிள்ளையும், முதல் தலைமுறையாகப் பள்ளிக்கு வந்த பிள்ளையும் இதனால் வாயையே திறப்பதில்லை. முதல் சுற்றில் வட்டார வழக்கில் பேசி, பிறகு அதே வாதத்தை எழுத்துத் தமிழில் குறிப்பேட்டில் எழுதச் செய்தால் இரண்டும் வளரும். அப்படியும் பேசத் தயங்குபவர்கள் துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுக்க, ஆசிரியர் பெயர் சொல்லாமல் படிக்கலாம். திருக்குறள் சொல்வன்மைக்கு ஓர் அதிகாரமும், அவையறிதல், அவையஞ்சாமை என அவைக்கு இரண்டு அதிகாரங்களும் ஒதுக்கியிருப்பதை நோக்கினால், மேடைக் கூச்சம் என்பது இன்றைய பிள்ளைகளின் குறை என்று எவரும் நினைக்க மாட்டார்.

வேண்டுகோள் கடிதம்

இணங்கவைக்கும் எழுத்துக்குப் பாடத்திட்டத்திலேயே இடம் இருக்கிறது. பேருந்து வசதி வேண்டியும் தெருவிளக்கு வேண்டியும் அதிகாரிகளுக்குக் கடிதம் எழுதும் பயிற்சி தலைமுறை தலைமுறையாக நடந்துவருகிறது. ஆனால் அனுப்புநர், பெறுநர், பொருள், உறைமேல் முகவரி ஆகியவற்றுக்கு மதிப்பெண் போய்விடுவதால், நடுவே உள்ள பத்தி ஒரே அச்சில் வார்த்ததாகிவிடுகிறது. எங்கள் ஊரில் பேருந்து வசதி இல்லாததால் மாணவர்களும் பொதுமக்களும் மிகவும் துன்பப்படுகின்றனர், ஆகவே ஆவன செய்யுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம் என்ற அந்தப் பத்தியைக் கரும்பலகையில் எழுதி, இதைப் படிக்கும் கிளை மேலாளர் என்ன நினைப்பார் என்று கேட்பதிலிருந்து பாடத்தைத் தொடங்கலாம்.

கிளை மேலாளர் மேசையில் இதேபோன்ற கடிதங்கள் பல கிடக்கும். அவரிடம் உபரிப் பேருந்து இருக்காது. ஓட்டுநர் பணிநேரம், டீசல் செலவு, பயணிகளின் எண்ணிக்கை என்று அவர் பார்க்கும் கணக்கு வேறு. இதை எண்ணிப் பார்க்கும் மாணவர், துன்பப்படுகின்றனர் என்ற சொல் அவர் கணக்கில் எந்தக் கட்டத்திலும் பொருந்தாது என்பதை உணர்வர். அதற்குப் பதிலாக, "காலை 8.10க்கு ஊரைக் கடக்கும் பேருந்து பள்ளிக்கு மிக முன்னதாகவும், அடுத்தது 9.40க்குப் பள்ளி தொடங்கிய பின்னரும் வருகின்றன. மூன்று சிற்றூர்களிலிருந்து 46 மாணவர் நடந்து வருகின்றனர். புதிய பேருந்து கேட்கவில்லை, இரண்டாவது பேருந்தை அரைமணி முன்னதாக இயக்கினால் போதும்" என்று எழுதலாம். இந்த எண்கள் எடுத்துக்காட்டுக்கானவை; வகுப்பில் எழுதும்போது நிறுத்தத்தில் நின்று நேரத்தைக் குறித்து, வருகைப் பதிவேட்டிலிருந்து ஊர்வாரியாக எண்ணிப் பெற்ற எண்களே இடம்பெற வேண்டும். எண்ணுவதற்கு ஒரு வாரம் ஆனாலும் அந்த வாரம் வீணாவதில்லை.

கிரேக்க அறிஞர் அரிஸ்டாட்டில் இணங்கவைக்கும் பேச்சுக்கு மூன்று வழிகளைச் சொன்னார். சொல்பவர்மேல் கேட்பவருக்கு உண்டாகும் நம்பிக்கை எத்தோஸ். கேட்பவர் மனத்தில் எழும் உணர்வு பேத்தோஸ். சொல்லும் காரணத்தின் வலிமை லோகோஸ். மேற்கண்ட கடிதத்தில் இம்மூன்றும் எங்கே இருக்கின்றன என்று தேடச் செய்தால், தாங்களே எண்ணிய எண்கள் காரணமாக நிற்பதோடு எழுதியவர்மேல் நம்பிக்கையையும் வளர்ப்பதை மாணவர் காண்பர். உணர்வுக்கும் இடம் உண்டு. மழைநாளில் புத்தகப் பையைத் தலைமேல் வைத்து நடந்து வரும் ஆறாம் வகுப்புப் பிள்ளையைப் பற்றிய ஒரே வாக்கியம், உண்மையாக இருந்தால், பத்து உருக்கமான அடைமொழிகளின் வேலையைச் செய்துவிடும். உண்மையல்லாத ஒரு வாக்கியம் நுழைந்தால் கடிதம் முழுவதும் ஐயத்துக்கு உள்ளாகும் என்பதை ஆசிரியர் அழுத்திச் சொல்ல வேண்டும்.

மதிப்பெண்ணும் நேரமும்

நாற்பது நிமிடப் பாடவேளையில் பொருளை அறிமுகப்படுத்த ஐந்து நிமிடமும், இருவர் இருவராகப் பேசப் பத்து நிமிடமும், வகுப்பு முழுவதும் கரும்பலகையில் வாதத்தைப் பிரித்துப் பார்க்கப் பதினைந்து நிமிடமும், குறிப்பேட்டில் எழுதப் பத்து நிமிடமும் என்று பங்கிடலாம். பதினைந்து நாளுக்கு ஒரு பாடவேளை கிடைத்தாலும் ஓராண்டில் தெளிவான மாற்றம் தெரியும்.

பத்து மதிப்பெண் வழங்குவதாக இருந்தால், எதிர்த்தரப்பை நேர்மையாக எடுத்துரைத்ததற்கு நான்கும், காரணத்துக்கும் பிணைப்புக்கும் நான்கும், கேட்பவருக்கு ஏற்பச் சொன்னதற்கு ஒன்றும், குரலுக்கும் நடைக்கும் ஒன்றும் தரலாம். குரலுக்கு ஒரே மதிப்பெண்ணா என்று கேட்பவர்கள், கணீரென்ற குரலுக்கும் தடையற்ற ஓட்டத்துக்கும் இத்தனை ஆண்டுகளாகப் பரிசு கொடுத்து, மெல்லிய குரலில் சரியான காரணம் சொன்ன பிள்ளைகள் எத்தனை பேரைக் கீழே உட்காரவைத்தோம் என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். மதிப்பெண் எதற்கு என்பது முன்கூட்டியே கரும்பலகையில் எழுதப்பட்டிருக்க வேண்டும். மாணவர் அதையே மறுத்து வாதிட விரும்பினால் ஒரு பாடவேளையை அதற்கு ஒதுக்குவது சிறந்த பயிற்சியாக அமையும்.

எழுதிய கடிதங்களுள் வகுப்பு தேர்ந்தெடுத்த ஒன்றைத் தலைமையாசிரியரின் ஒப்புதலோடு உண்மையிலேயே அஞ்சலில் சேர்க்க வேண்டும். பதில் வந்தால் அதையும் கரும்பலகையில் கருத்து, காரணம், பிணைப்பு என்று பிரித்து, அதிகாரி மறுத்திருந்தால் எந்தப் பிணைப்பில் வேறுபட்டார் என்பதைக் கண்டறிந்து, அதற்கேற்ப அடுத்த கடிதத்தை எழுதலாம். ஒரு மாதம் கடந்தும் பதில் வராவிட்டால், முதல் கடிதத்தின் நாளைக் குறிப்பிட்டு, புதிதாக எண்ணிய எண்களைச் சேர்த்து, நினைவூட்டுக் கடிதம் எழுதும் பாடத்தை அங்கிருந்து தொடங்க வேண்டும்.